கண்ணீரும் வழக்கும்: அந்தமானியர் அழுகை, நடிகர் அழுகை, தமிழ் வினைகள்

1. முன்னுரை

நடிகர் ஒருவர் திரையிலோ மேடையிலோ கண்ணீர் சிந்தினால் அது உண்மைக் கண்ணீரா, பொய்க் கண்ணீரா என்னும் வினா எழுவது இயல்பு. கிளிசரின் இட்டு அழுதால் பொய், கிளிசரின் இன்றி அழுதால் உண்மை என்று திரைப்படத் திறனாய்விலும் அன்றாடப் பேச்சிலும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. உண்மை, பொய் என்னும் இவ்விருமைப் பாகுபாடு நடிப்பை மதிப்பிடுவதோடு நின்றுவிட்டால் பெருங்கேடு இல்லை. ஆனால் அது மொழிபெயர்ப்பாளரின் சொற்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பிற மக்களின் அழுகையைத் தமிழில் எழுதும்போது இப்பாகுபாடு அம்மக்களின் மீதே ஒரு தீர்ப்பாக மாறுகிறது.

இச்சிக்கல் தெளிவாக வெளிப்படும் இடம் நாடக நூல் ஒன்றன்று. அந்தமான் தீவுகளின் பழங்குடியினர் பற்றிய மானிடவியல் நூல். அந்நூலில் விவரிக்கப்படும் மக்கள் வழக்கம் வேண்டும்போதெல்லாம் அழுதனர், கேட்டபோதும் அழுதனர். இரு நிலைகளிலும் வந்தது உண்மையான கண்ணீரே. இதனைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது? 'போலி அழுகை', 'சடங்கு அழுகை', 'செயற்கை அழுகை', 'ஒப்பாரி' ஆகியவற்றுள் எது பொருந்தும்? இவ்வினாவை முன்வைத்து, நடிகரின் கண்ணீரையும் அந்தமானியரின் கண்ணீரையும் அருகருகே நிறுத்தித் தமிழ்ச் சொல்வழக்கின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. உண்மை, பொய் என்னும் இரண்டுக்கும் அப்பால் 'வழக்கு' என்னும் மூன்றாவது கருத்தைத் தமிழிலக்கண மரபும் தமிழ் வினைகளும் முன்னரே கொண்டுள்ளன என்பதும், மொழிபெயர்ப்பாளர் அதனைப் பயன்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. ராட்கிளிஃப்-பிரவுன் தரும் செய்தி

ஏ.ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் களப்பணி செய்தார். அதன் விளைவான 'அந்தமான் தீவினர்' என்னும் ஆங்கில நூல் 1922இல் வெளிவந்தது. அவர் பெரிதும் விவரித்தது பெரிய அந்தமான் பகுதியின் பல்வேறு மொழிக்குழுக்களையே. ஜாரவர், ஓங்கே, சென்டினலீயர் ஆகியோருக்கு அவருடைய கூற்றுகளை அப்படியே ஏற்றியுரைத்தல் பொருந்தாது.

அந்நூலில் அழுகை ஒரு தனிப் பொருளாக ஆராயப்படுகிறது. அழுதே தீரவேண்டிய ஏழு தருணங்களை அவர் வரிசைப்படுத்துகிறார். நெடுநாள் பிரிந்திருந்த உறவினரோ நண்பரோ மீண்டும் சந்திக்கும்போது ஒருவரையொருவர் தழுவி அழுதனர். பகைகொண்டிருந்த இரு குழுவினர் அமைதி செய்துகொள்ளும் சடங்கில் தழுவி அழுதனர். துக்கக் காலம் முடிந்தபோது, துக்கம் காத்தவரோடு அவருடைய நண்பர்கள் சேர்ந்து அழுதனர். இறந்தவரின் உடலைத் தழுவி அழுதனர். புதைத்த எலும்புகளை மீட்டெடுத்தபோது அவற்றின் மீது அழுதனர். திருமணத்தில் மணமக்களின் மீது அவரவர் உறவினர் அழுதனர். இளையோர் பருவச் சடங்குகளின் பல கட்டங்களில் உறவுப் பெண்கள் அவர்கள் மீது அழுதனர். முதல் மூன்றும் இருதரப்பினரும் சேர்ந்து அழுபவை. பின்னைய நான்கும் ஒருதரப்பினர் மட்டும் அழுபவை.

இவை தன்னியல்பாகப் பீறிடும் உணர்ச்சிகள் அல்ல, வழக்கத்தால் விதிக்கப்பட்ட செயல்கள் என்பது ராட்கிளிஃப்-பிரவுனின் முடிவு. அழவேண்டிய தருணத்தில் அழாதிருப்பது பிறரால் பழிக்கப்படும் குற்றமாயிற்று. இம்மக்களால் விரும்பியபோது கண்ணீர் சிந்த முடிந்தது என்பதையும் அவர் பதிவு செய்கிறார். அழுகைமுறையைக் காட்டுமாறு கேட்டுக்கொண்டபோது சிலர் உடனே அமர்ந்து மெய்யான கண்ணீரோடு அழுது காட்டினர் என்பது அவர் தரும் குறிப்பு. இவ்வழுகை உறவுப் பிணைப்பை உறுதி செய்கிறது என்பதும், பிணைப்பு அறுந்து மீண்டும் இணையும் இடங்களிலும் மாற்றம் பெறும் இடங்களிலும் அழுகை நிகழ்கிறது என்பதும் அவருடைய விளக்கம்.

இவ்விளக்கத்தின் வலிமை மறுக்கத்தக்கதன்று. சாவும் திருமணமும் சந்திப்பும் ஒரே செயலால் குறிக்கப்படுவது ஏன் என்ற வினாவுக்கு அது விடை தருகிறது. எனினும் அதில் ஒரு குறை உண்டு. சடங்கில் அழுததும், ஆய்வாளர் கேட்டபோது அழுததும் அவருடைய வாதத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கேட்டால் அழ முடிகிறது என்பது சடங்கழுகை தன்னியல்பானதன்று என்பதற்குத் துணைச்சான்றாக நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே செயல்தானா என்னும் வினா எழுப்பப்படவில்லை.

மொழியியலாருக்கு இவ்வினா புதியதன்று. களப்பணியில் தகவலாளரிடம் 'என் தாய் இறந்துவிட்டாள் என்பதை உங்கள் மொழியில் எவ்வாறு சொல்வீர்கள்?' என்று கேட்டால் அவர் சொல்கிறார். எவரும் இறக்கவில்லை, எவரும் துக்கம் கேட்க வருவதில்லை. வாக்கியம் அங்கே பயன்படுத்தப்படவில்லை, எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. பயன்பாடும் எடுத்துக்காட்டும் வேறு என்பது மொழியாய்வின் அடிப்படைப் பாடம். எடுத்துக்காட்டாகச் சொல்ல முடிகிறது என்பதால், உண்மையிலேயே தாயை இழந்தவர் அவ்வாக்கியத்தைச் சொல்லும்போது அது பொருளற்றுப் போவதில்லை. அதுபோலவே, கேட்டபோது அழுது காட்ட முடிந்தது என்பதால் பிரிந்தவர் கூடியபோது சிந்திய கண்ணீரின் பொருள் குறைந்துவிடாது.

ஆயினும் சொல்லுக்கும் கண்ணீருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சொல்லை எடுத்துக்காட்டும்போது அதன் பொருள் விலகி வடிவம் மட்டும் நிற்கிறது. கண்ணீரை எடுத்துக்காட்டினாலும் கன்னம் நனையத்தான் செய்கிறது. நடிகரின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அவர் செய்வது எடுத்துக்காட்டு. ஆனால் அதற்கு மெய்யான நீர் வேண்டும்.

3. மேடைக் கண்ணீரும் திரைக் கண்ணீரும்

கண்ணீர்ச் சுரப்பி ஒவ்வொரு கண்ணிலும் விழிக்கு மேலே வெளிப்பக்கமாக அமைந்துள்ளது. விழியை ஈரமாக வைத்திருக்கும் அடிப்படைக் கண்ணீர், புகை, தூசி, வெங்காயம் முதலியவற்றால் விழி உறுத்தப்படும்போது வரும் அனிச்சைக் கண்ணீர், உணர்ச்சியால் வரும் கண்ணீர் என மூவகை கூறுவர். பின்னைய இரண்டும் தொடங்கும் இடம் வேறு. ஒன்று விழியின் மேற்பரப்பில், மற்றொன்று மூளையில். சுரப்பியைத் தூண்டும் நரம்புவழி இறுதியில் இரண்டுக்கும் பொதுவானதே. ஆகவே கன்னத்தில் வழியும் துளியைக் கண்டு அதன் தோற்றுவாயைச் சொல்லுதல் பார்வையாளருக்கு இயலாது. நடிப்புக் கலை இவ்வியலாமையைத் தன் முதலாகக் கொண்டுள்ளது.

திரைப்படப் படப்பிடிப்பில் கையாளப்படும் வழிகள் பல. கிளிசரின் நீரைவிடப் பன்மடங்கு பிசுபிசுப்பானது, எளிதில் ஆவியாகாது. கன்னத்தில் வைத்தால் விளக்குகளின் வெப்பத்திலும் துளி துளியாக நிற்கும். கண்ணில் பட்டால் எரிச்சலூட்டி அனிச்சைக் கண்ணீரை வரவழைக்கும். எனவே கிளிசரின் இட்ட நடிகரின் கண்ணில் வழிவதில் ஒரு பகுதி அவருடைய சொந்தக் கண்ணீரே. மென்தால் கலந்த குச்சியைக் கண்ணுக்குக் கீழே தடவினால் அதன் ஆவி விழியின் குளிர்ச்சி உணர்வைத் தூண்டி நீர் பெருகச் செய்யும். இமைக்காமல் உறுத்து நோக்குதல் மற்றொரு வழி. துயர நினைவை வலிந்து எழுப்புதல் பிறிதொரு வழி. ருசிய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பயிற்சிமுறையோடு இது பெரிதும் இணைத்துப் பேசப்படும்.

இவை புதியனவாகத் தோன்றினாலும் இவற்றின் அடிப்படை பழையது. பரதரின் நாட்டிய சாத்திரம் எட்டுச் சாத்துவிக பாவங்களுள் ஒன்றாகக் கண்ணீரை வைக்கிறது. அதன் ஏழாம் இயல் கண்ணீரின் காரணங்களாக மகிழ்ச்சி, சினம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு புகை, கண்ணுக்கிடும் மை, கொட்டாவி, இமையாது நோக்குதல், குளிர், நோய் ஆகியவற்றையும் ஒரே பட்டியலில் எண்ணுகிறது. உள்ளத்துக் காரணமும் உடற்காரணமும் அங்கே மேல், கீழ் என்று பிரிக்கப்படவில்லை. மையின் இடத்தில் கிளிசரினையும் குளிரின் இடத்தில் மென்தாலையும் வைத்தால் இன்றைய ஒப்பனையறையின் பட்டியல் கிடைத்துவிடுகிறது. அதேவேளை, துயரமில்லாதவன் துயரத்தை எவ்வாறு காட்டுவான் என்ற வினாவை எழுப்பி, ஒருமுகப்பட்ட மனத்தாலேயே அது கைகூடும் என்றும் அந்நூல் கூறுகிறது.

பிரெஞ்சு அறிஞர் திதரோ பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதி, அவருடைய மறைவுக்குப் பின் 1830இல் வெளிவந்த 'நடிகன் பற்றிய முரண்' என்னும் நூல் இதற்கு எதிர்நிலையை எடுக்கிறது. உணர்ச்சிவயப்படாத நடிகனே பிறரை உணர்ச்சிவயப்படுத்துவான் என்பது அதன் கருத்து. வில்லியம் ஜேம்ஸ் 1884இல் வெளியிட்ட கட்டுரையில், துயரத்தால் அழுவதில்லை, அழுவதாலேயே துயரத்தை உணர்கிறோம் என்னும் பொருள்பட வாதிட்டார். ராட்கிளிஃப்-பிரவுனின் அந்தமானியர் ஜேம்ஸின் கருத்துக்கு அருகில் நிற்கின்றனர். அவர்களிடத்தும் செயல் முன்வருகிறது. பிணைப்புணர்வு அச்செயலால் புதுப்பிக்கப்படுகிறது.

திரையின் அண்மைக் காட்சி ஒரு துளியையும் பெரிதாக்கிக் காட்டுவதால் துளி இன்றியமையாததாயிற்று. தெருக்கூத்தில் நிலைமை வேறு. இரவு வெளிச்சத்தில் தொலைவில் அமர்ந்திருப்போருக்கு நடிகரின் கண்ணில் நீர் உண்டா என்பது தெரியாது. அங்கே அழுகை குரலிலும் பாட்டிலும் உடலசைவிலும் உள்ளது. வடதமிழகத்தில் இறந்தோருக்கான காரியச் சடங்கையொட்டிக் 'கர்ண மோட்சம்' கூத்து நிகழ்த்தும் வழக்கம் உண்டு. கர்ணனும் பொன்னுருவியும் பிரியும் காட்சியில் கூத்தரின் கண் ஈரமாயிருக்க வேண்டும் என்று துக்க வீட்டார் எதிர்பார்ப்பதில்லை. தம் கண் ஈரமாக அக்காட்சி இடம் தரவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

4. மொழிமாற்றத்தில் பிரியும் அழுகை

அந்தமான் மண்ணைக் களமாகக் கொண்ட திரையழுகைக்குத் தமிழர் நன்கறிந்த சான்று 1996இல் வெளிவந்த 'சிறைச்சாலை'. பிரியதர்சன் மலையாளத்தில் 'காலாபானி' என்னும் பெயரில் இயக்கிய படத்தின் தமிழ் வடிவம் இது. மோகன்லால், பிரபு, தபு ஆகியோர் நடித்தனர், இளையராஜா இசையமைத்தார். கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் நிறைவுற்ற செல்லுலார் சிறையே கதைக்களம். அச்சிறை அமைந்துள்ள போர்ட் பிளேர் நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. கைதிகளின் வதையும் பிரிவும் பொருளாதலால் படத்தில் அழுகைக் காட்சிகளுக்குக் குறைவில்லை.

இத்தகைய படம் மொழிமாற்றம் பெறும்போது அழுகை இரண்டாகப் பிரிகிறது. கண்ணீர் படச்சுருளில் பதிந்துவிட்டது, அது மாறாது. விம்மலும் கேவலும் 'ஐயோ', 'அம்மா' முதலிய வியப்பிடைச் சொற்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் உருவாக்கப்படுகின்றன. ஒலிவாங்கியின் முன் நின்று குரல் கொடுப்பவருக்குக் கண்ணீர் தேவையில்லை. மூச்சும் தொண்டையும் போதும். திரையில் தோன்றுபவரோ கிளிசரினின் துணைகொண்டிருக்கலாம். பார்வையாளர் இவ்விரண்டையும் இணைத்து ஒரே அழுகையாகக் கொள்கிறார். அவ்வழுகையின் எப்பகுதி உண்மை என்று கேட்டால் விடை இல்லை, கேள்வியே பிழையானது. கண்ணீருக்கு மொழிமாற்றம் தேவையில்லை, அழுகைக்குத் தேவை என்பதுதான் இங்கு மொழிபெயர்ப்பாளர் கற்கும் பாடம். கண்ணீர் உடலுக்கு உரியது. அழுகை மொழிக்கும் வழக்கத்துக்கும் உரியது.

5. தமிழ் வினைகளின் சான்று

உண்மை, பொய் என்னும் பாகுபாடு தமிழின் பெயர்ச்சொற்களில் அழுத்தமாகப் பதிந்துள்ளது. 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடர் பழையனூர் நீலியின் கதையை நினைவூட்டுகிறது. 'முதலைக் கண்ணீர்' என்பதற்கு இணையான தொடர்கள் ஐரோப்பிய மொழிகளிலும் உள்ளன. 'கூலிக்கு மாரடித்தல்' மனம் ஒன்றாத செயலைக் குறிக்கும். திருக்குறளும் இரு முனைகளையும் காட்டுகிறது. அன்புடைமை அதிகாரம் கண்ணீரை அன்பின் மறைக்கவொண்ணாச் சான்றாகக் கொள்கிறது. கூடாநட்பு அதிகாரம் பகைவரின் கண்ணீரைப் படைக்கலம் மறைத்த தொழுத கையோடு ஒப்பிடுகிறது. இப்பெயர்களின் வழியே சிந்திப்பவருக்கு அந்தமானியரின் அழுகை பொய்யின் பக்கம் விழுவது எளிது.

வினைகள் வேறு செய்தி சொல்கின்றன. பின்வரும் நான்கு வாக்கியங்களைக் காண்க.

(1) அவளுக்குக் கண்ணீர் வந்தது.
(2) அவள் கண்ணீர் விட்டாள்.
(3) அவள் கண்ணீரை வரவழைத்துக்கொண்டாள்.
(4) அவள் அழுது காட்டினாள்.

(1)இல் அழுபவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார், எழுவாய் கண்ணீரே. செயலின்மேல் அவருக்கு ஆட்சி இல்லை. 'அவளுக்கு வேண்டுமென்றே கண்ணீர் வந்தது' என்பது ஏற்கத்தக்க வாக்கியமன்று. (2)இல் அழுபவர் எழுவாயாகிறார். 'வேண்டுமென்றே' என்னும் அடையை இவ்வாக்கியம் ஏற்கும்; ஆனால் வற்புறுத்துவதில்லை. தன்னையறியாமல் கண்ணீர் விட்டாள் என்றும் கூறலாம். (3)இல் விருப்பம் வெளிப்படை. 'வரவழை' என்னும் வினை விருந்தினரையும் மருத்துவரையும் அழைத்து வரச்செய்வதற்கும் வழங்குவது. வரவழைக்கப்படுவது முன்னரே எங்கோ இருப்பது, அழைத்தால் வருவது. கண்ணீரை 'உண்டாக்கினாள்' என்றோ 'செய்தாள்' என்றோ தமிழர் சொல்வதில்லை. நடிகரின் கண்ணீரைக் குறிக்கவும் பேச்சுவழக்கு இவ்வினையையே தேர்கிறது. 'கொள்' என்னும் துணைவினை அச்செயலைச் செய்பவர்பாலே திருப்பிவிடுகிறது.

(4) சிறப்பாகக் கருதத்தக்கது. 'காட்டு' துணைவினையாக வரும்போது, பிறர் காணும்பொருட்டு ஒரு செயல் செய்யப்படுகிறது என்னும் பொருளைத் தருகிறது. பாடிக் காட்டினாள், எழுதிக் காட்டினாள், நீந்திக் காட்டினாள் என்பவற்றை ஒப்பிடுக. பாடிக் காட்டிய பாட்டு பொய்ப்பாட்டு ஆகாது. நீந்திக் காட்டியவர் உண்மையில் நீந்தியவரே. அதுபோல அழுது காட்டியவர் உண்மையில் அழுதவர். 'அழுவதுபோல் நடித்தாள்', 'பொய்யாக அழுதாள்' என்பன முற்றிலும் வேறு வாக்கியங்கள். எடுத்துக்காட்டுக்கும் ஏமாற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழின் துணைவினை அமைப்பு இவ்வாறு தெளிவாகக் காக்கிறது.

மேலும் ஒரு வழக்கு நோக்கத்தக்கது. 'அழு' என்னும் வினை பேச்சில் 'தண்டம் அழுதான்', 'வட்டி அழுதான்' என வரும்போது, கொடுத்தே தீரவேண்டியதை மனமின்றிக் கொடுத்தல் என்று பொருள்படும். இங்கு எள்ளல் தொனி உண்டு. எனினும் அழுகை என்பது பிறருக்குச் செலுத்தவேண்டிய கடன் ஆகலாம் என்னும் எண்ணம் தமிழ் வினைக்கு அயலானதன்று என்பதை இது உணர்த்துகிறது.

6. மெய்ப்பாடும் வழக்கும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகக் கூறி, இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. அந்தமானியரின் ஏழு தருணங்களை இந்நான்கினுள் அடக்க முயன்றால் சாவழுகை இழவில் அடங்கும். சந்திப்பும் சமாதானமும் அடங்கா. மகிழ்ச்சியில் சிந்தும் கண்ணீருக்குத் தமிழில் இடமில்லை என்பது இதன் பொருளன்று. புறநானூற்றின் 277, 278ஆம் பாடல்களுக்கு 'உவகைக் கலுழ்ச்சி' என்று துறை வகுக்கப்பட்டுள்ளது. எனினும் உவகைக் கலுழ்ச்சி என்பதை அந்தமானியரின் சந்திப்பு அழுகைக்கு அப்படியே பெயராக்குதல் பொருந்தாது. அது பொங்கி வருவது, இது செய்யவேண்டுவது.

மெய்ப்பாட்டைக் காட்டிலும் இங்கு உதவுவது தொல்காப்பியர் பிறிதோரிடத்தில் பயன்படுத்தும் இணைச்சொற்களாகும். அகப்பாடலின் இயல்பைக் கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் அவர் குறிக்கிறார். இவ்விரண்டும் பொய், மெய் என்று எதிர்நிறுத்தப்படவில்லை. இரண்டும் வழக்குகளே, இரண்டுக்கும் விதியுண்டு, இரண்டும் சான்றோரால் ஏற்கப்பட்டவை. நடிகரின் அழுகை நாடக வழக்கு என்றும், அந்தமானியரின் சடங்கழுகை உலகியல் வழக்கு என்றும் கொண்டால், முன்னதைப் பொய்யென்று இகழவோ பின்னதை நடிப்பென்று ஐயுறவோ தேவையில்லாமற் போகிறது. ஆய்வாளர் கேட்டபோது அழுது காட்டியது இவ்விரண்டிலும் சேராத எடுத்துக்காட்டு.

உலகியல் வழக்கு என்னும் இப்பகுப்புக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களே போதிய சான்று. இழவு வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேரும்போது, அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு அழத் தொடங்குவர். சிறிது நேரத்தில் அழுகை நிற்கும், பேச்சு தொடரும், அடுத்தவர் வந்ததும் அழுகை மீண்டும் எழும். வந்தவர் அழாமல் உட்கார்ந்தால் ஊர் பழிக்கும். விதிக்கப்பட்ட தருணம், தழுவல், வேண்டும்போது வரும் கண்ணீர், அழாதவர்க்குப் பழி என ராட்கிளிஃப்-பிரவுன் கூறும் கூறுகள் பலவும் இங்கு உள்ளன. இதனை எந்தத் தமிழரும் போலி அழுகை என்று கூறார். தம் வீட்டில் வழக்கு என்று அறிந்ததைப் பிறர் வீட்டில் நடிப்பு என்று மொழிபெயர்ப்பதே பிழையின் வேர்.

7. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியவை

முதலாவது, கலைச்சொல். 'சடங்கு அழுகை' என்பது பரவலாக ஏற்கப்படக்கூடிய பெயர். ஆயினும் 'சடங்குக்காகச் செய்தான்' என்னும் பேச்சுவழக்கில் 'சடங்கு' என்பதே உள்ளீடற்ற செயலைக் குறிக்கத் தொடங்கிவிட்டதால், அச்சொல் மீண்டும் இகழ்ச்சியைக் கொண்டுவரும். 'வழக்கழுகை' என்னும் ஆக்கம் பொருத்தமானது. அது விதியைச் சுட்டுகிறது, உள்ளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. 'ஒப்பாரி' என்பதைப் பயன்படுத்தக்கூடாது. அச்சொல் பாடலையும் சாவையும் உடன்கொண்டு வரும். திருமணத்திலும் சந்திப்பிலும் அழுவதற்கு அது பொருந்தாது. 'செயற்கைக் கண்ணீர்' என்பதும் விலக்கத்தக்கது. கண்வறட்சிக்கு இடும் சொட்டு மருந்துக்கு அத்தொடர் மருத்துவத் தமிழில் வழங்குகிறது. திரைப்பட நூல்களிலும் கிளிசரினைக் கிளிசரின் என்றே எழுதுவது குழப்பம் தவிர்க்கும்.

இரண்டாவது, வினை. சடங்கில் நிகழ்ந்ததற்கு 'அழுதனர்' போதும். ஆய்வாளர் கேட்டதற்கு நிகழ்ந்ததற்கு 'அழுது காட்டினர்' பொருந்தும். நடிகருக்குக் 'கண்ணீரை வரவழைத்தார்' ஏற்றது. மூன்று இடத்திலும் ஒரே வினையைப் பயன்படுத்தினால் மூலத்தில் இல்லாத மயக்கம் தமிழில் தோன்றும்.

மூன்றாவது, காலம். மானிடவியல் நூல்கள் தாம் கண்டதை நிகழ்கால வாய்பாட்டில் எழுதுதல் மரபு. அதனை வழக்கப்படித் தமிழில் 'அழுவர்', 'தழுவுவர்' என எழுதினால், இன்றும் அவ்வாறே நிகழ்கிறது என்று வாசகர் கொள்வார். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். நோயும் குடியேற்றமும் அவர்களுடைய குழுக்களைச் சிதைத்தன. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 சனவரி 26 அன்று காலமானார். எஞ்சியோர் சிறு எண்ணிக்கையில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களிடையே இந்தியே பெரிதும் வழங்குகிறது. ஆகவே இறந்தகாலமே நேர்மையான காலம். அதேவேளை 'மறைந்துபோன மக்கள்' என்று எழுதுவதும் பிழை.

நான்காவது, உடலைப் பற்றிய முற்கோள். கண்ணீர் உள்ளத்தின் வெளிப்பாடு, ஆகவே உள்ளத்தோடு ஒவ்வாத கண்ணீர் பொய் என்னும் எண்ணத்தில், உள்ளம் உள்ளே, உடல் வெளியே என்னும் பிரிப்பு உண்டு. பெரிய அந்தமானிய மொழிகளின் இலக்கணம் வேறு பிரிப்பைக் கொண்டது. உடற்பகுதிகளின் அடிப்படையில் அமைந்த முன்னொட்டு வகைகள் பெயரோடு மட்டுமன்றி வினையோடும் பெயரடையோடும் சேர்கின்றன என்பதை அன்விதா அப்பியின் ஆய்வுகள் விரிவாக விளக்கியுள்ளன. சொல்லின் அமைப்பிலேயே உடல் நிற்கும் மொழியைப் பேசிய மக்களின் அழுகையை, உள்ளத்தின் நிழலாக மட்டும் காண்பது பொருந்துமா என்பதை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

8. முடிவுரை

நடிகரின் கண்ணீர் உண்மையா என்னும் வினாவில் தொடங்கிய ஆய்வு, அவ்வினாவே குறையுடையது என்னும் முடிவுக்கு வருகிறது. கேட்கத்தக்க வினாக்கள் வேறு: கண்ணீர் யாருக்காகச் சிந்தப்பட்டது, எவ்வழக்கின்படி, அதனைக் கண்டவர் என்ன செய்யக் கடமைப்பட்டனர்? திரையில் கண்டவர் இருக்கையில் அமர்ந்து நெகிழலாம். எழுந்து சென்று ஆறுதல் கூற வேண்டியதில்லை. அந்தமான் கரையில் தழுவப்பட்டவர் தாமும் அழ வேண்டியிருந்தது. அவ்வாறு அழுத இருவருக்கிடையே பகை முடிந்தது, உறவு மீண்டது. இவ்வேறுபாடு கண்ணீரின் வேதியியலில் இல்லை, வழக்கில் உள்ளது.

இது சொற்களைப் பற்றிய நுண்ணாய்வு மட்டுமன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தாம் குடியேறிய மண்ணின் பழங்குடியினரைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகள் தமிழில் படிக்கும் செய்தியில் 'போலியாக அழுதனர்' என்று இருந்தால், பொய்யர் என்னும் எண்ணம் அப்பிள்ளைகளின் மனத்தில் பதியும். 'வழக்கப்படி தழுவி அழுதனர்' என்று இருந்தால், தம் பாட்டி இழவு வீட்டு வாயிலில் நின்று அழுதது அவர்களுக்கு நினைவுக்கு வரும். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு சொல்லின் தொலைவே. அச்சொல்லைத் தேரும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.